உப்புக் காற்றில் பழைய பைக்: வாசகர் கேள்வி பதில்

பழைய பைக்கை வீட்டிலேயே பிரித்துச் செய்வது பற்றி ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டோம். மதுரையில் பத்து வருஷம் தாங்கும் வேலை பாம்பனில் ஒரு மழைக்காலம் தாண்டுவதே பெரிது. அதனால் கேள்வி எதுவானாலும் பதிலில் உப்பு வரும்.

வீட்டில் 1993 மாடல் யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. அண்ணன் வெளிநாடு போனதிலிருந்து ஒன்பது வருஷமாகக் கொட்டகையில் நிற்கிறது. கடல் முந்நூறு மீட்டர். கிக்கர் அசையவே இல்லை. எங்கிருந்து தொடங்குவது?
*வாசகர், தங்கச்சிமடம்*

கிக்கரை மிதிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். பிஸ்டன் ரிங் சிலிண்டரோடு துருவில் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் சுவரில் போர்ட் என்ற ஜன்னல்கள் உண்டு. பலத்தைக் காட்டினால் ரிங்கின் நுனி அதில் மாட்டி முறியும், பிஸ்டனையும் கீறும். கிக் ஷாஃப்ட்டின் பல்லும் போகும்.

ஒரு நட்டைத் தொடுவதற்கு முன் போனில் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். கேபிள் எந்த வழியாகப் போகிறது, வாஷர் எந்த வரிசையில் இருக்கிறது என்பதெல்லாம் மூன்று மாதம் கழித்து ஞாபகம் இருக்காது. அடுத்து ஸ்பேனரை எடுக்காதீர்கள், வாளியை எடுங்கள். கார்புரேட்டர், சைலன்சர் வாய்களைத் துணியும் பாலித்தீனும் வைத்துக் கட்டிவிட்டு, சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷுமாக வண்டியை இரண்டு முறை கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம். நம் பக்கத்தில் பல இடங்களில் அதுவே உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர் அல்லது பிடித்து வைத்த மழைத் தண்ணீர் போதும். சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 சதவீதம் தாண்டினால் நீர்த்துவிடும். கடல் உப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீதத்திலேயே நீர்க்கும். அதாவது தங்கச்சிமடத்தில் அந்த உப்பு எந்த நாளும் காய்வதில்லை. அதை வைத்துக்கொண்டே பிரித்தால் கழற்றி வைத்த பாகங்கள் மூலையில் கிடந்தபடியே துருவேறும்.

இப்போது சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றுங்கள். பிளக் துளை வழியாக ஆயில் ஊற்றினால் போதும் என்று சொல்பவர்கள் உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் கீழே நின்றிருந்தால் ஊற்றியதெல்லாம் போர்ட் வழியாகச் சைலன்சருக்கு ஓடிவிடும். ஹெட் வெளியே இருந்தால் பிஸ்டன் எங்கே நிற்கிறது, துரு எவ்வளவு என்று கண்ணாலேயே தெரியும். பவர் ஸ்டீயரிங் ஆயிலும் டீசலும் சம அளவில் கலந்து 50 மில்லி ஊற்றி, மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை விடுங்கள். குறைந்தால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு நான்காவது கியரில் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னுமாகக் கையால் மெதுவாக ஆட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் அசைந்தாலே போதும், மீதி தானாக வரும். சிலிண்டரைத் தூக்கும்போது சுற்றியுள்ள மெல்லிய தகடுகளில் (ஃபின்) தட்டக் கூடாது, உடைந்துவிடும். தடித்த இடத்தில் மரச் சுத்தியலால் தட்டுங்கள்.

பிஸ்டன் விட்டுவிட்டது என்று சந்தோஷப்பட்டு அப்படியே மூடிவிடாதீர்கள். ஒன்பது வருஷக் கடற்காற்றில் கிராங்க் பேரிங்கில் புள்ளிப் புள்ளியாக அரிப்பு இருக்கும். கனெக்டிங் ராடைப் பிடித்து நேர் மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். துளி ஆட்டம்கூடக் கூடாது. பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இயல்பு. கிராங்கை லேத் பட்டறையில் வி-பிளாக்கில் வைத்துச் சுற்றி டயல் கேஜில் பார்க்கச் சொல்லுங்கள். முள் 0.03 மில்லிமீட்டருக்கு மேல் ஆடினால் நேராக்கச் சொல்லுங்கள். பேரிங், இரண்டு பக்க ஆயில் சீல் ஆகியவற்றைக் கேள்வியே இல்லாமல் புதிதாகப் போடுங்கள். மேக்னெட் பக்கச் சீல் ஒழுகினால் வெளிக் காற்று உள்ளே போய்க் கலவை மெலிந்து, பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். கிளச் பக்கச் சீல் ஒழுகினால் கியர் ஆயிலை இன்ஜின் குடிக்கும். வெள்ளைப் புகை நிற்காது, கியர் ஆயில் மட்டம் இறங்கிக்கொண்டே போகும்.

சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங்குக்குக் கொடுக்கும்போது சிலிண்டரை மட்டும் கொடுக்காதீர்கள். புதுப் பிஸ்டனையும் கையில் கொண்டுபோய், "இந்தப் பிஸ்டனுக்குப் போர் பண்ணுங்கண்ணே" என்று சொல்லுங்கள். ஆர்.எக்ஸ். 100-இன் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 50 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 50. ஓவர்சைஸ் பிஸ்டன் 0.25, 0.50 என்று ஏறும். தேவையான அளவுக்கு மேல் எடுக்க விடாதீர்கள். அடுத்த முறைக்கும் சுவர் வேண்டும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடைவெளி 0.04 முதல் 0.05 மில்லிமீட்டர். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் 20 மில்லிமீட்டர் இறக்கி, நுனி இடைவெளியை ஃபீலர் கேஜில் பாருங்கள். 0.15 முதல் 0.35 வரை இருக்கலாம். பல பட்டறைகளில் விட்டுப்போகும் வேலை ஒன்று உண்டு. போர் எடுத்ததும் போர்ட்டின் விளிம்பு கத்தி மாதிரி இருக்கும். நைசான உப்புத்தாளாலோ சின்ன அரத்தாலோ அந்த விளிம்பை அரை மில்லிமீட்டருக்குச் சாய்த்து மழுக்க வேண்டும். இதைச் செய்யாமல் ஓட்டியதாலேயே முதல் வாரத்தில் ரிங் முறிந்த இன்ஜின்கள் ஏராளம். பிஸ்டன் தலையில் உள்ள அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும். பிஸ்டன் பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப் எப்போதும் புதிது.

மூடியபின் ஸ்டார்ட் செய்யும் முன் ஒரு சோதனை. சைலன்சர் வாயையும் கார்புரேட்டர் வாயையும் பழைய டியூப் ரப்பர் வைத்து அடைத்துவிட்டு, பிளக் துளை வழியாக ரத்த அழுத்தம் பார்க்கும் பம்பை இணைத்து 250 வரை ஏற்றுங்கள். ஒரு நிமிஷத்தில் முள் 50-க்கு மேல் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சோப்பு நுரை தடவினால் இடம் தெரியும். இந்த அரை மணி நேரம் ஒரு பிஸ்டனைக் காப்பாற்றும்.

ஆயில் பம்ப் வேலை செய்தால் அதன் காற்றை வெளியேற்றிவிட்டு, முதல் 500 கிலோமீட்டருக்குப் பெட்ரோலிலும் லிட்டருக்கு 20 மில்லி டூ-டி (டூ-ஸ்ட்ரோக் இன்ஜின்) ஆயில் கலந்துகொள்ளுங்கள். பம்பை யாரோ எப்போதோ துண்டித்திருந்தால் லிட்டருக்கு 40 மில்லி. பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் முறுக்காமல், ஒரே வேகத்தில் நீண்ட தூரம் ஓட்டாமல் பழக்குங்கள்.

ஃபிரேமுக்குச் சுத்தமாகத் துரு எடுத்து, பிரைமர் அடித்து, நல்ல பெயிண்ட் அடித்தோம். ஐப்பசி முடிவதற்குள் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பிவிட்டது. பெயிண்ட் போலியா?
*வாசகர், கீழக்கரை*

பெயிண்ட்டின் மேல் குற்றம் இருக்க வாய்ப்பு குறைவு. துருவை எடுத்தீர்கள், துருவின் குழிக்குள் இருந்த உப்பை எடுக்கவில்லை. பெயிண்ட் படலம் வழியாக ஈரம் மெல்லக் கசியும். அடியில் உப்பு இருந்தால் அந்த ஈரத்தை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். அதுதான் கொப்புளம். ஒன்றைக் குத்திப் பாருங்கள், உள்ளே தண்ணீர் இருக்கும்.

1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் இந்தத் துருவோடு நூறு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டி, 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குப் பாலிசிலோக்சேன் பூச்சுப் போட்டிருக்கிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் (சிக்ரி) உலோக அரிப்பைச் சோதிக்க மண்டபத்தைத் தேர்ந்தெடுத்ததும் இதே காற்றுக்காகத்தான். வீட்டு வேலையிலும் அந்த மரியாதையை உப்புக்குக் கொடுக்க வேண்டும்.

பழைய பெயிண்ட்டையும் துருவையும் கம்பி பிரஷ் மாட்டிய கிரைண்டரில் எடுங்கள், அல்லது காற்றழுத்தத்தில் மணல் போன்ற துகளை அடித்துச் சுரண்டும் பிளாஸ்டிங்குக்குக் கொடுங்கள். கொடுக்கும் இடத்தில் என்ன மணல் என்று கேளுங்கள். கடற்கரை மணலை வைத்து அடித்தால் உப்பை இரும்புக்குள் அடித்து இறக்குவதற்குச் சமம். அந்தத் தூசி நுரையீரலுக்கும் ஆகாது. காப்பர் ஸ்லாக் அல்லது கார்னெட் என்றால் சரி. சேஸிஸ் எண் உள்ள இடத்தில் முன்கூட்டியே தடித்த டேப் ஒட்டுங்கள். எண் மழுங்கினால் பின்னால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்க வேண்டிவரும்.

அதன்பின் ஆர்.ஓ. தண்ணீரால் ஃபிரேமைத் தேய்த்துக் கழுவி, வடியும் தண்ணீரைக் கிண்ணத்தில் பிடியுங்கள். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்க ஆர்.ஓ. மெக்கானிக் வைத்திருக்கும் டி.டி.எஸ். மீட்டரை ஒரு நாள் இரவல் வாங்கி, ஊற்றிய தண்ணீரையும் வடிந்த தண்ணீரையும் அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 20, 30-க்கு மேல் வித்தியாசம் இருந்தால் உப்பு இன்னும் இருக்கிறது, திரும்பக் கழுவுங்கள். மீட்டர் கிடைக்காவிட்டால் கழுவிக் காயவைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் எந்தக் குழியில் மட்டும் கறுப்பாகவோ ஆரஞ்சாகவோ புள்ளி கிளம்பியிருக்கிறதோ, அங்கே உப்பு உட்கார்ந்திருக்கிறது. மறுபடி பிரஷ், மறுபடி தண்ணீர். மூன்று சுற்றுகூட ஆகலாம்.

சுத்தமானதும் வெயிலில் சூடாக்கி, தின்னர் துணியால் துடைத்து, சில மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும். மறுநாள் என்று தள்ளிப்போட்டால் எல்லாம் வீண். இரண்டு டப்பா கலக்கும் எபாக்சி ஜிங்க் பாஸ்பேட் பிரைமர் வாங்குங்கள். ஒற்றை டப்பா என்.சி. பிரைமர் நம் கடற்கரைக்கு ஆகாது. கலந்து கால் மணி நேரம் ஊறவிட்டு, இரண்டு கோட். வெல்டிங் மூலைகளிலும் விளிம்புகளிலும் முதலில் பிரஷ்ஷால் ஒரு கோட் தடவிவிட்டு ஸ்ப்ரே செய்யுங்கள். துரு அங்கேதான் முதலில் தலைகாட்டும். பட்டி போட வேண்டுமென்றால் எபாக்சியின் மேல் போடுங்கள். வெறும் இரும்பின் மேல் போட்ட பட்டி பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே இரண்டு கோட் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட். அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. துணி மாஸ்க் போதாது, கார்ட்ரிட்ஜ் வைத்த மாஸ்க் கட்டாயம்.

நேரம் காலை பத்திலிருந்து மூன்று மணிக்குள். ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் டப்பாவைத் திறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். ஆனி, ஆடிக் காற்றில் மணலும் சேர்ந்து ஒட்டும். மாசி, பங்குனி நல்ல காலம். கடைசியாக, ஃபிரேம் குழாய்களின் துளை வழியாக மெழுகுக் கலவை ஸ்ப்ரே அடித்து உள்பக்கத்தையும் மூடுங்கள். உள்ளிருந்து துருப்பிடிக்கும் குழாய்க்கு வெளிப் பெயிண்ட் எதுவும் செய்யாது.

டேங்க்குக்குள் துரு. ஜல்லிக்கல் போட்டுக் குலுக்கலாமா?
*வாசகர், தொண்டி*

குலுக்கினால் உதிரும் துரு மட்டும்தான் வரும், மூலையில் உள்ளது வராது. பெட்ரோலை முழுவதும் வடித்து, பெட்ரோல் டேப்பை (திருகு குழாயை) கழற்றி, சோப்புத் தண்ணீரால் இரண்டு முறை அலசி, வாசனையே இல்லாமல் ஆக்குங்கள். பிறகு லிட்டருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்த தண்ணீரை வாய்வரை நிரப்பி 12 முதல் 24 மணி நேரம் வையுங்கள். வடித்ததும் ஆப்ப சோடா கலந்த தண்ணீரால் அலசி, உடனே ஹேர் டிரையரால் காயவைத்து, 100 மில்லி டூ-டி ஆயில் ஊற்றிச் சுழற்றுங்கள். காயும் முன் தாமதித்தால் பத்து நிமிஷத்தில் மஞ்சள் துரு மறுபடி படரும்.

மின்சார முறையும் உண்டு. 10 லிட்டர் தண்ணீருக்கு 150 கிராம் வாஷிங் சோடா, 12 வோல்ட் சார்ஜர், நெகட்டிவ் டேங்க்கில், பாசிட்டிவ் உள்ளே தொங்கும் இரும்புக் கம்பியில். கம்பி டேங்க்கைத் தொடக் கூடாது. ஸ்டெயின்லெஸ் கம்பி கூடவே கூடாது, நச்சான குரோமியம் கரையும். சோடாவுக்குப் பதில் உப்பும் போடக் கூடாது. ஹைட்ரஜன் வரும் என்பதால் திறந்த வெளியில், பீடி சிகரெட் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள். ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் நினைக்கவே வேண்டாம். காலி டேங்க்கின் ஆவிதான் வெடிக்கும்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும், அளவு மீறினால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் ஓஸும் கார்புரேட்டர் ஊசியின் ரப்பர் நுனியும் ஊதும். இரண்டையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். ஒரு மாதத்துக்கு மேல் நிறுத்துவதானால் டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுங்கள்.

அப்பாவின் 350 புல்லட், பழைய இரும்பு இன்ஜின். கிக் திருப்பி அடித்துக் காலை வீங்க வைக்கிறது. சில நாள் ஸ்டார்ட்டே ஆவதில்லை.
*வாசகர், மண்டபம்*

கார்புரேட்டரைக் குடைவதற்கு முன், பிளக்கில் பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் பாயிண்ட் தட்டைக் கழற்றுங்கள். அதற்கு அடியில், வேகம் ஏறும்போது பொறியை முன்கூட்டியே விழ வைக்கும் ஆட்டோ அட்வான்ஸ் எடைகள் இரண்டு, ஸ்பிரிங்கோடு இருக்கும். கடற்காற்றில் அவை துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே நின்றுவிடும். அப்படியானால் பிஸ்டன் மேலே வந்து சேர வெகு முன்பே பொறி விழும், கிக் திருப்பி அடிக்கும். எடைகளை விரலால் விரித்து விட்டால் பட்டென்று திரும்ப வேண்டும். இல்லையென்றால் கழற்றி, மண்ணெண்ணெய்யில் கழுவி, துளி கிரீஸ் வைத்துப் பூட்டுங்கள்.

பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். டைமிங், எடைகள் சுருங்கிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லிமீட்டர் முன்பு பாயிண்ட் திறக்க வேண்டும். பிளக் துளை சாய்வாக இருப்பதால் அதன் வழியாக அளந்தால் தப்பும். எப்படியும் பிரிக்கப்போகிறீர்கள் என்றால் ஹெட் வெளியே இருக்கும்போதே டெப்த் கேஜ் வைத்து அளந்து குறித்துவிடுங்கள். பாயிண்டில் நடுவே குழியும் நீலக் கருகலும் இருந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். டேப்பட் (வால்வ் இடைவெளி) பார்ப்பது ஆறிய இன்ஜினில், கம்ப்ரஷன் உச்சியில். வால்வை இயக்கும் புஷ்ராடு விரலால் சுலபமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

எல்லா நட்டு போல்ட்டையும் ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மாற்றினால் துருக் கவலை தீருமா?
*வாசகர், தேவிபட்டினம்*

போல்ட் பளபளவென்று இருக்கும், அது பூட்டிய அலுமினிய மரை அரித்துப் போகும். உப்பு ஈரத்தில் ஸ்டெயின்லெஸ்ஸும் அலுமினியமும் சேர்ந்தால் பலியாவது அலுமினியம். மாற்றத்தான் வேண்டுமென்றால் 316 ரகம் வாங்கி, ஒவ்வொரு மரையிலும் ஆன்டி-சீஸ் பேஸ்ட் தடவிப் பூட்டுங்கள். இன்ஜின் மூடியின் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், அதற்கு மேல் முறுக்கினால் மரை போய்விடும். ஆக்சில், பிரேக் ஆங்கர் போல்ட் ஆகியவற்றில் கை வைக்காதீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டெயின்லெஸ், 8.8 தர எஃகு போல்ட்டைவிடப் பலம் குறைவு.

வயரிங் முழுக்க மாற்றியும் ஆறு மாதத்தில் ஹாரன் கம்முகிறது, இண்டிகேட்டர் மங்குகிறது.
*வாசகர், பாம்பன்*

வயரின் உறையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள். செம்பு கறுத்தோ பச்சைக் களிம்பு ஏறியோ இருக்கும். இணைப்பிலிருந்து உப்பு ஈரம் உறைக்குள் அடிக்கணக்கில் ஊறும். படகுகளுக்குப் பயன்படுத்தும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரைக் கேட்டு வாங்குங்கள், அந்த இழைகள் கறுக்காது. விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீட்டர், பேட்டரி எர்த்துக்கு 2.5. பேட்டரிக்குப் பக்கத்திலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ். இணைப்பை ஈயப் பற்று வைப்பதைவிட கிரிம்ப் செய்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடுவது மேல். பற்று வைத்த இடம் விறைத்து, அதிர்வில் அதன் ஓரத்தில் முறியும்.

எர்த்தைச் சோதிக்க ஒரு வழி: ஹாரனை அழுத்திக்கொண்டே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ஹாரனின் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் மோசம். பெயிண்ட்டின் மேலேயே எர்த் ரிங்கைப் பூட்டியிருப்பார்கள். வட்டமாகச் சுரண்டிப் பூட்டி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

ஃபிரேமை வெட்டி கஃபே ரேசர் ஆக்கி, 110 டயர் போட்டு, சைலன்சரையும் குட்டையாக்க ஆசை. ஆர்.சி. பிரச்சனை வருமா?
*வாசகர், பெரியபட்டினம்*

வரும். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. டி.என். 65 வண்டியானாலும் எதுவானாலும் 15 வருஷம் முடிந்ததும் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை 25-ஆம் படிவம் கொடுத்துப் புதுப்பிக்க வண்டியைக் காட்ட வேண்டும். வெட்டிய ஃபிரேமோடு போனால் திருப்பி அனுப்புவார்கள், விபத்தானால் இன்சூரன்ஸும் கேள்வி கேட்கும். நிறம் மாற்றினால் ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்ஜின் மாற்ற முன் அனுமதி வேண்டும். ஆசையை ஹேண்டில்பார், சீட், மட்கார்ட், விளக்கு, நிறம் ஆகியவற்றில் தீர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் போல்ட்டில் கழன்று பழைய நிலைக்குத் திரும்பும்படி செய்யுங்கள்.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் ஒல்லி ரிம்மில் 110 டயர் போட்டால் ஓரம் இறுகி நடு உப்பும். தரையில் படும் பகுதி குறையும், வளைவில் வண்டி நெளியும். சைலன்சரை வெட்டினால் டூ-ஸ்ட்ரோக்கின் இழுவையே போகும், ஏனென்றால் புகை திரும்பி மோதும் அலையை வைத்துத்தான் அதன் அளவைத் தீர்மானித்திருக்கிறார்கள். ஏர் ஃபில்டர் பெட்டியை எடுத்துவிட்டுச் சும்மா கூம்பு ஃபில்டர் போட்டால் கலவை மெலியும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் மெயின் ஜெட்டைப் பெரிதாக்காமல் ஓட்டினால் பிஸ்டன் பிடிக்கும். நம் ஊர் மணலுக்கு அந்தப் பெட்டி அவசியம். அழகுக்காகச் செயின் கவரை எடுப்பவர்களுக்கும் இதையே சொல்கிறோம். மணலும் ஆயிலும் சேர்ந்தால் அரம்தான், செயினும் ஸ்ப்ராக்கெட்டும் பாதி ஆயுளில் போய்விடும்.

செய்து முடித்த வண்டியில் ஞாயிறுதோறும் தனுஷ்கோடியின் அரிச்சல்முனை போய் வருகிறோம். என்ன கவனிப்பு?
*வாசகர், உச்சிப்புளி*

அன்று சாயங்காலமே கழுவுங்கள், மறுநாள் காலை என்று விடாதீர்கள். நல்ல தண்ணீர், சாதாரண ஓஸ். பிரஷர் வாஷர் பேரிங் சீலைத் தாண்டி உப்பைத் தள்ளிவிடும். மட்கார்டின் அடிப்பக்கம், ஸ்போக்ஸ் நிப்பிள், சைலன்சர் அடிப்பகுதி, ஃபோர்க் குழாய் இந்த நான்கையும் கையால் தடவிக் கழுவுங்கள். கழுவியதும் ஐந்து நிமிஷம் ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து டிரம்மைக் காயவையுங்கள். இன்ஜின் ஆறியபின் செயினுக்கு ஆயில், குரோம் பாகங்களுக்கு மெழுகுத் துணி. ஸ்போக்ஸ் துரு பிடித்தால் மேலே மினுக்கி ஓட்டாதீர்கள். நிப்பிளுக்குள் நுழையும் இடத்தில்தான் கம்பி முறியும், அதை வெளியிலிருந்து பார்க்க முடியாது. ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் தட்டிப் பாருங்கள். மற்றவை கணீர் என்று ஒலிக்கும்போது ஒன்று மட்டும் மொத்தென்று கேட்டால், அந்தச் சக்கரத்தின் கம்பிகள் முழுவதையும் மாற்றிவிட்டு அடுத்த ஞாயிறு போங்கள்.